வலேசியின் காது

எங்கள் நிலையத்தில் சுவர் என்று பெயருக்கு ஒன்று இருக்கிறது. வெறும் ஒட்டுப்பலகை. அந்தப் பக்கம் வலேசி சிரித்தால் இந்தப் பக்கம் என் மேசையில் தேநீர்க் கோப்பை ஆடும். மனம் உடைந்து வருகிறவர்கள் உட்கார்ந்து பேசும் அறைக்கு மட்டும் கெட்டிச் சுவர், இரட்டைக் கதவு என்று பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். ஆலோசகர்களான எங்களுக்கு இது போதும் என்று விட்டுவிட்டார்கள். நல்லதாகப் போயிற்று. இல்லாவிட்டால் வலேசியின் கதையில் பாதி எனக்குத் தெரிந்திருக்காது. மீதிப் பாதியில் நானே இருந்தேன்.

முழுப் பெயர் மேரேவலேசி. கண்டாவு தீவுக்காரி. வயது முப்பத்தாறு. எங்கள் தீவு நாட்டின் தலைநகரான சுவாவில், சந்தைக்குப் பின்னால், தையல் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் எங்கள் நிலையத்தில் அவளுக்கு வேலை, கவுன்சிலிங் படிக்கிறவர்களைத் தேற்றிக் கரையேற்றுவது. படிக்கிறவர்கள் புத்தகத்தை முடித்துவிட்டு நிஜ மனிதர்களிடம் உட்காருவார்கள். அவர்கள் பேசிக் கேட்டதை, வந்தவரின் சம்மதத்தோடு ஒலிப்பதிவு செய்து, வாரம் ஒருமுறை வலேசியிடம் கொண்டுவருவார்கள். இரண்டு பேரும் அதைக் கேட்டு, எங்கே சறுக்கியது என்று பேசுவார்கள். மேற்பார்வை என்று அதற்குப் பெயர். பார்வை என்பதெல்லாம் பேருக்குத்தான். வலேசி அதைக் காதால்தான் செய்வாள்.

அந்தக் காது வந்த விதம் தனி. படிப்பதற்கு முன் அவள் ஒரு டாக்சி நிலையத்தில் வயர்லெஸ்ஸில் உட்கார்ந்திருந்தாள். நாள் முழுக்க முகம் தெரியாத ஓட்டுநர்களின் குரல். எவன் பொய் சொல்கிறான், எவன் தூங்கி விழுகிறான், எவன் பெண்டாட்டியோடு சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறான் என்று ஒரு 'ஹலோ'விலேயே கண்டுபிடித்துவிடுவாள். ஒருநாள் ஓர் ஓட்டுநர், "இனிமே எனக்குச் சவாரி வேணாம் வலேசி" என்று மட்டும் சொன்னானாம். சாதாரண வார்த்தை. ஆனால் அந்தக் குரலுக்கு அடியில் தரையே இல்லை என்பாள் அவள். மற்ற சவாரிகளையெல்லாம் காக்க வைத்துவிட்டு, அவனோடு ரக்பியும் ரொட்டி விலையும் பேசிக்கொண்டே இருந்தாள். அதற்குள் இன்னொரு வண்டி அவன் நின்றிருந்த பாலத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அவன் இன்றைக்கும் நௌசோரிப் பக்கம் டாக்சி ஓட்டுகிறான், எங்களைப் பார்த்தால் ஹாரன் அடிக்கிறான். அதற்குப் பிறகுதான் இவள் படிக்க வந்தாள்.

ஆகவே, வேறு யாராலும் தேற்ற முடியாதவர்கள் கடைசியில் அவளிடம் வந்து சேருவார்கள். அவள் முதல் நாளே சொல்லிவிடுவாள்.

"உன்னோட நல்ல பதிவு எனக்கு வேணாம். அதை உங்க அம்மாகிட்ட போட்டுக் காட்டி மார்க்கு வாங்கிக்கோ. எனக்கு இருக்கிறதுலயே நாறுனது எதுவோ அதைக் கொண்டா."

பதிவு ஓடத் தொடங்கியதும் கண்ணை மூடிக்கொள்வாள். வாயில் வறுத்த பட்டாணி. சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு அந்த நறநற கேட்கும். நறநற நின்றால் ஏதோ பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம். நானும் என் வேலையை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வேன். வெட்கமில்லையா என்று கேட்காதீர்கள், பயிற்சிக்காரர்களின் கணக்கு வழக்கெல்லாம் என் பொறுப்பு. எனக்கும் தெரியத்தானே வேண்டும்!

ரேஷ்மி என்று ஒரு பெண் இருந்தாள். வந்தவர்கள் யாருமே அவளிடம் மனம் விட்டுப் பேசுவதில்லை என்று அழுதுகொண்டே வந்தாள். பதிவு ஓடியது. நறநற நின்றது.

"என்னம்மா அது, சர்ருன்னு ஒரு சத்தம்?"

"டிஷ்யூ பெட்டிக்கா. அவங்க அழுதாங்க, தள்ளி விட்டேன்."

"கேட்டாங்களா?"

"இல்லக்கா. பாவமா இருந்துச்சு."

"பாவம் அவங்களுக்கா, உனக்கா? திருப்பிப் போடு, கேளு. பெட்டி போன மறு நிமிஷம் அழுகை நின்னுடுச்சு. 'போதும், துடைச்சுக்கோ, எனக்குத் தாங்கல'ன்னு சொல்லிட்டே நீ."

அடுத்த வாரத்திலிருந்து பெட்டி வந்தவர் பக்கமே இருந்தது. ரேஷ்மி கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அழுகிறவர்கள் அழுது முடித்தார்கள், பிறகு பேசினார்கள். இப்போது லம்பாசாவில் அவளைப் பார்க்க ஆட்கள் காத்துக் கிடக்கிறார்கள். ஒரு சர்ரில் இருந்து இத்தனையும்! வலேசியின் காதைப் பற்றி எனக்கு இருந்த கர்வம் அவளுக்கே இருந்திருக்காது.

அந்தக் காதைத்தான் சார்ஜன்ட் இனோகே கவிழ்த்தார்.

ஐம்பத்தேழு வயது. போலீஸிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டுப் படிக்க வந்தவர். கதவைக் குனிந்து கடக்கிற ஆகிருதி. முதல் நாள் வரும்போதே முறைப்படி இடித்துத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற யங்கோனா வேரைச் செய்தித்தாளில் சுற்றிக் கட்டாகக் கொண்டுவந்து, தரையில் உட்கார்ந்து, அதை வலேசி முன்னால் வைத்தார். அவள் அதைத் தொட்டு, கை குவித்துத் தட்டி ஏற்றுக்கொண்டாள். அந்தக் கட்டு உள்ளே போனால்தான் ஆள் உள்ளே வந்ததாகக் கணக்கு. பிறகு தேநீர் வேண்டுமா என்று நான் கேட்டேன். புருவத்தைத் தூக்கினார். போட்டுக் கொடுத்தேன். எந்த ஊர் என்று வலேசி கேட்க, அவர் கோரோ தீவில் ஒரு கிராமத்தின் பெயரைச் சொன்னார். அவ்வளவுதான், இவள் துள்ளிக் குதித்தாள்.

"ஐயோ, நீ எனக்குத் தௌவூ முறைய்யா!"

அவர் முகமும் மலர்ந்துவிட்டது. இரண்டு கிராமங்களுக்கும் மூதாதை தெய்வம் ஒன்று. அப்படிப்பட்ட ஊர்க்காரர்கள் எங்கே சந்தித்தாலும் வயசு, பதவி, எதுவும் கிடையாது. வாய்க்கு வந்தபடி ஒருவரையொருவர் வையலாம், கோபித்துக்கொள்ளக் கூடாது. 'தௌ' என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். நாங்கள் எல்லாம் 'சார்ஜன்ட், சார்ஜன்ட்' என்று எழுந்து நிற்க, இவள் அவரை ஒருமையில் போட்டுத் தாளித்தாள்.

"உங்க ஊர் ஆளுங்க அவ்வளவு மெதுவாமே? மீனெல்லாம் பொறுமை இழந்து தானா வலையில ஏறிக்குமாமே?"

"உங்க ஊர்ல வாயை மூடிட்டா காது அடைச்சுக்குமாமே, தௌ?" என்றார் அவர் நிதானமாக.

எதற்காக இந்த வயதில் இந்தப் படிப்பு என்று வலேசி கேட்டபோது மட்டும் கேலி இல்லாமல் பதில் சொன்னார். "அத்தனை வருஷம் வாக்குமூலம் எழுதினேன். நான் எழுதினதெல்லாம் அவங்க சொன்னது. சொல்ல வந்தது எதையும் எழுதல. ஊருக்குத் திரும்பிப் போகப்போறேன். அங்க ஆம்பளைங்க பேசறதுக்கு ஆளே கிடையாது. குடிக்கிறானுங்க, இல்லன்னா கடலுக்குள்ள போயிடறானுங்க. நான் ஒருத்தன் உக்காந்து கேக்கலாமேன்னு."

அன்றைக்கே எனக்கு அவரை மிகவும் பிடித்துவிட்டது. வலேசிக்கும்தான்.

ஆனால் பதிவு! கடவுளே, அந்தப் பதிவு!

முதல் பதிவில் சார்ஜன்ட் நிஜமாகவே வாக்குமூலம் வாங்கினார். "எத்தனை மணிக்கு?" "கூட யார் இருந்தது?" "படகு யார் பேர்ல இருக்கு?" வலேசி தலையில் அடித்துக்கொண்டாள். "தௌ, அந்த மனுஷன் துக்கத்தோட வந்திருக்கான். நீ குற்றப்பத்திரிகை போடற. கேள்வியை விடு." அவர் விட்டார். சுத்தமாக விட்டுவிட்டார். இரண்டாம் பதிவில் வந்தவர் பேசுகிறார், மௌனம். மறுபடி பேசுகிறார், மறுபடி மௌனம். மின்விசிறி ஓடுகிற சத்தம் கேட்கிறது. கீழே தையல் இயந்திரம் கேட்கிறது. சார்ஜன்ட் கேட்கவில்லை. வரும்போது ஒரு வணக்கம், போகும்போது ஒரு வணக்கம், இடையில் சமாதி.

வந்து பேசிக்கொண்டிருந்தவரைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். ராம்பி தீவுக்காரர், கப்பலில் எஞ்சின் பார்த்தவர். எங்கள் வேலையில் வந்தவர் கதையை வெளியே சொல்லக் கூடாது. இதை எழுதலாம் என்று அவரே சொன்னதால்தான் எழுதுகிறேன், பெயர் மட்டும் கேட்காதீர்கள். அவர் மகன் கடலில் போனவன் திரும்பவில்லை. அவருக்கும் சார்ஜன்ட்டுக்கும் பொதுவான பேச்சு ஆங்கிலம்தான். அதனால்தான் அந்தப் பதிவுகளைத் தேர்வுக்கென்று பிரிஸ்பேனுக்கு அனுப்ப முடிந்தது.

பிரிஸ்பேனில் இந்தப் படிப்பை நடத்துகிற கல்லூரியில் ஹெதர் என்ற அம்மாள்தான் மதிப்பிடுகிறவர். கெட்டவர் இல்லை. எங்களிடம் பேசும்போது எப்போதும் நிதானம். இரண்டாம் பதிவைக் கேட்டுவிட்டுக் கணினித் திரையில் வந்தார்.

"வலேசி, நான் இதைச் சொல்ல விரும்பல. ஆனா இந்த மனுஷர் வந்தவருக்கு எந்தப் பதிலும் கொடுக்கறதில்ல. சுவரோட பேசற மாதிரி இருக்கு. துக்கத்துல இருக்கறவங்களை இப்படி விடறது ஆபத்து. இன்னும் ஒரு பதிவு கேக்கறேன். அதுவும் இப்படியே இருந்தா அவரால தொடர முடியாது."

வலேசி எதிர்த்துச் சொல்ல என்ன இருக்கிறது? அவள் காதுக்கும் அதேதான் கேட்டது.

"ஆனா நாயுடு," என்றாள் என்னிடம், திரை அணைந்த பிறகு, பட்டாணிப் பொட்டலத்தைக் கசக்கிக்கொண்டு, "சுவரோட பேசறதுக்கு அந்த ராம்பிக்காரர் ஏன் ஒவ்வொரு வாரமும் ரெண்டு பஸ் மாறி வர்றாரு? ஒரு வாரம்கூட விடலையே. வர வர ஜாஸ்தில்ல பேசறாரு?"

நல்ல கேள்விதான். ஆனாலும் அவளும் எல்லா மேற்பார்வையாளர்களும் செய்வதைச் செய்தாள். "தௌ, சத்தம் கொடு. 'ம்ம்'னு சொல்லு. அவர் சொன்னதையே உன் வார்த்தையில திருப்பிச் சொல்லு" என்று பாடம் எடுத்தாள். நானும் வந்தவராக நடித்தேன். சார்ஜன்ட் வியர்த்துக்கொண்டே பழகினார்.

அடுத்த பதிவைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. "நீங்கள் வருத்தமாக உணர்கிறீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ம்ம். ம்ம். நீங்கள் இரவில் தூங்குவதில்லை என்று சொல்கிறீர்கள். ம்ம்." நீதிமன்றத்தில் படிக்கிற மாதிரியே இருந்தது! ராம்பிக்காரர் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தார். பிறகு, "சார்ஜன்ட், உங்களுக்கு இன்னிக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

வலேசி அந்தப் பதிவை அனுப்பவில்லை. எதை அனுப்புவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை அவளுக்கு உண்டு. ஆனால் பதிவை அனுப்பவேண்டிய கெடுவான மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை வலேசி சந்தைக்குப் போயிருந்த சமயம் பார்த்து சார்ஜன்ட் வந்தார். சட்டை இஸ்திரி போட்டு, வேட்டி மாதிரியான சுலுவைச் சரியாகக் கட்டி, கையில் செய்தித்தாள் சுற்றிய வேர்க்கட்டு. எனக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. வந்தபோது ஒரு கட்டு, விடைபெறும்போது ஒரு கட்டு. அவள் கையால் தொட்டு, கை தட்டிவிட்டால் முடிந்தது. அவர் போனவர் போனவர்தான். அதற்கப்புறம் பிரிஸ்பேன் பாஸ் போட்டாலும் அவர் திரும்பி வரமாட்டார், வரவும் கூடாது.

"அவ இல்லையா? பரவாயில்ல. இதை அவ மேசை மேல வச்சிடறேன், கிரண்," என்றார். வலேசிக்கு நான் நாயுடு, அவருக்குக் கிரண்.

"சார்ஜன்ட், கொஞ்சம் இருங்க. அவ இப்ப வந்துடுவா."

"இருந்தா அவ வைவா. வைதா நான் சிரிச்சிடுவேன். அப்புறம் போக முடியாது."

வைத்துவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். எனக்கு ஆத்திரமான ஆத்திரம். யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

வலேசி கீரைக்கட்டோடு வந்தாள். மேசையைப் பார்த்தாள். கீரை கீழே விழுந்தது. கட்டைத் தொடவில்லை. ஒரு தாளை எடுத்துக் கையில் படாமல் அதை அப்படியே அலமாரி மேல் தள்ளிவிட்டாள். அவள் ஊர்ப் பெரியவர்கள் பார்த்திருந்தால் தலையில் கை வைத்திருப்பார்கள், அவ்வளவு பெரிய மரியாதைக் குறைவு அது. பிறகு போனை எடுத்து, ஒலிபெருக்கியில் போட்டு, இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"தௌ! இந்தக் கட்டை வச்சது நீதானே?"

சத்தம் இல்லை.

"போறதுன்னு முடிவே பண்ணிட்டியா?"

சத்தம் இல்லை. எங்கோ ஒரு கோழி கொக்கரித்தது.

"யோவ், லைன்ல இருக்கியா, உங்க ஊர் வழக்கப்படி தூங்கிட்டியா?"

அப்போது தூரத்தில், சமையல் பாத்திரச் சத்தத்துக்கு நடுவே, ஒரு பெண் குரல் கணீரென்று கேட்டது. சார்ஜன்ட்டின் மனைவி வாசிதி.

"ஏன்யா, அது போன்! நீ பாட்டுக்குப் புருவத்தைத் தூக்கிட்டே இருந்தா அவளுக்கு எப்படித் தெரியும்? வாயைத் திறந்து சொல்லித் தொலை!"

வலேசி அடுத்த திட்டுக்காகத் திறந்த வாய் அப்படியே நின்றது.

"வாசிதிக்கா," என்றாள் மெதுவாக, "இப்ப என்ன சொன்னீங்க?"

"என்னத்தைச் சொல்ல? நீ கேக்கக் கேக்க இவரும் ஆமா ஆமான்னுட்டுத்தான் இருக்காரு. நீ விடாம திரும்பக் கேக்கற. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து போன்ல இதே கூத்துதான் வலேசி."

அட ராமா! எங்கள் ஊரில் ஆமாம் என்பதை வாயால் சொல்கிறவன் எவன்? பஸ் நௌசோரி போகுமா என்று கேட்டால் ஓட்டுநர் புருவத்தைத் தூக்குவார், ஏறிக்கொள்வோம். தாரோக் கிழங்கு இருக்கிறதா என்றால் கடைக்காரி புருவத்தைத் தூக்குவாள், பையை நீட்டுவோம். 'ஆமாம்', 'புரிகிறது', 'மேலே சொல்', 'நான் இங்கேதான் இருக்கிறேன்', எல்லாவற்றுக்கும் அந்த ஒன்றுதான். என் கொள்ளுத்தாத்தா கரும்பு வெட்ட வந்த காலத்தோடு எங்கள் வீட்டிலும் ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. நானே ஒரு நாளைக்கு எத்தனை முறை தூக்குகிறேனோ! செய்கிறவர்களுக்கே செய்வது தெரியாது. சார்ஜன்ட்டுக்கும் தெரிந்திருக்கவில்லை.

வலேசி போனை வைத்தாளா, எறிந்தாளா, நினைவில்லை. அடுத்த கணம் இரண்டாம் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. என் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

ராம்பிக்காரரின் குரல். "கடல் அன்னிக்கு அமைதியாத்தான் இருந்துச்சு, தெரியுமா?"

மௌனம்.

"அதான். அதான் சொல்றேன்." உடனே அடுத்த வாக்கியம்.

"நாயுடு!" வலேசி கத்திய கத்தலில் கீழே தையல் இயந்திரங்கள் நின்றன. "யாருக்கு 'அதான்'னு சொல்றாரு? மின்விசிறிக்கா? ஒருத்தன் ஆமான்னு சொன்னாத்தானே 'அதான்'னு வரும்? சாட்சி இதுலயே இருந்திருக்கு! நான் எத்தனை தடவை கேட்டேன்! எல்லாத் தடவையும் கண்ணை மூடிக்கிட்டு! இந்தக் காதை அறுத்துச் சந்தையில வித்துடலாம் நாயுடு, கிலோ என்ன விலை போகும்?"

சொல்லிக்கொண்டே குதித்தாள். நானும் குதித்தேன், ஐம்பது வயதில், ஒட்டுப்பலகைக் கட்டிடத்தில். கோப்பை கவிழ்ந்து தேநீர் என் மேசையெல்லாம் ஓடியது. ஓடட்டும் என்று விட்டேன்.

அன்றைக்கே அவள் பஸ் பிடித்து சார்ஜன்ட் வீட்டுக்குப் போய் அவரை இழுத்துவந்தாள். இன்னும் ஒரு பதிவுதான் பாக்கி. அதை ஒலியாகத்தான் எடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. வந்தவரின் முகம் தெரியாமல், ஆலோசகரின் முகத்தை மட்டும் படம் எடுத்துக்கொள்ளலாம். ராம்பிக்காரரிடம் கேட்டோம். சம்மதம் என்று புருவத்தைத் தூக்கினார். நானும் வலேசியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

பால்மாவு டின் மேல் என் போனைச் சாய்த்து வைத்துக் கோணம் பார்த்தோம்.

"இப்ப நான் என்ன செய்யணும்?" என்றார் சார்ஜன்ட்.

"ஒண்ணும் செய்யாத. எப்பவும்போல இரு."

"இத்தனை நாளா அதைச் செய், இதைச் செய்னு உயிரை எடுத்த. இப்ப ஒண்ணும் செய்யாதங்கற. உங்க ஊர்ல புத்தி அலையோட வந்து அலையோட போயிடுமோ, தௌ?"

"போ உள்ள!" என்று அவர் முதுகில் ஒன்று வைத்தாள்.

இரட்டைக் கதவு மூடிக்கொண்டது. நாங்கள் வெளியே நின்றோம். ஒரு மணி நேரம் வலேசி பட்டாணியைத் தொடவே இல்லை. ராம்பிக்காரர் சிவந்த கண்ணோடு வெளியே வந்து எங்களுக்கு விடை சொல்லிவிட்டுப் போனார். சார்ஜன்ட் போய் முகம் கழுவினார். உள்ளே என்ன நடந்தது என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

மறுநாள் ஹெதரோடு உட்கார்ந்து பார்த்தோம். ஹெதர் திரையில், நாங்கள் மூன்று பேரும் ஒரு பெஞ்சில். சார்ஜன்ட் நடுவில், கைதி மாதிரி. ஹெதரிடம் வலேசி முன்கூட்டி எதையும் விளக்கவில்லை. "முழுசாப் பாருங்க, அப்புறம் பேசுவோம்" என்று மட்டும் சொன்னாள். சொல்லியிருக்கலாமே என்று நான் கிசுகிசுத்தேன். "அவங்க கண்ணால பார்க்கட்டும் நாயுடு. நான் சொன்னா சாக்கு மாதிரி இருக்கும்" என்றாள்.

படம் ஓடியது. அப்பா, அந்த முகம்! இத்தனை நாள் செத்த மௌனம் என்று நினைத்ததெல்லாம் அந்தப் பெரிய முகத்தில் உயிரோடு ஓடிக்கொண்டிருந்தது. வந்தவர் ஒரு வாக்கியம் சொல்வார், புருவம் லேசாக எழும். அவர் தயங்குவார், புருவம் கொஞ்சம் அதிகமாக, மெதுவாக எழும், 'சொல்லு, நான் எங்கேயும் போகல' என்று. அவர் சொல்வார். ஹாங்காங் ரக்பி இறுதி ஆட்டத்தில் நம் பையன் பந்தோடு ஓரமாக ஓடுகிறபோது எப்படி மூச்சைப் பிடிப்போமோ அப்படிப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஹெதரின் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தேன். முதலில் பேனா கையில் இருந்தது. பிறகு கீழே வைத்துவிட்டார்.

முக்கால்வாசி ஓடியபின் ராம்பிக்காரரின் குரல் இறங்கியது.

"அன்னிக்குப் படகை எடுத்துட்டுப் போகச் சொன்னது நான்தானே?"

மௌனம். சார்ஜன்ட்டின் புருவம் எழுந்தது. மறைக்கவில்லை, பூசி மெழுகவில்லை. ஆமாம், நீதான்.

"முதுகு வலிக்குதுன்னு சொல்லி எனக்குப் பதிலா அவனை அனுப்பினது நான்தானே?"

மௌனம். புருவம் எழுந்தது.

"அப்போ என் பிள்ளையைக் கொன்னது நான்தானே?"

மௌனம்.

புருவம் எழவில்லை.

சார்ஜன்ட்டின் முகத்தில் எதுவும் அசையவில்லை. கண் மட்டும் எதிரே இருந்தவர் மேல் அப்படியே இருந்தது. அந்தப் பக்கம் நாற்காலி கிரீச்சிட்டது. அவர் காத்திருக்கிறார். அந்த ஆமாமுக்காகக் காத்திருக்கிறார். எத்தனை காலமாக அதை எதிர்பார்த்து வாழ்ந்திருப்பாரோ! அது வரவில்லை.

"இல்லையா?" என்றார் ராம்பிக்காரர். அவ்வளவு பெரிய ஆளின் குரல் ஒரு குழந்தைக் குரலாகிவிட்டது.

"இல்ல," என்றார் சார்ஜன்ட்.

வணக்கத்துக்குப் பிறகு அந்த ஒரு மணி நேரத்தில் அவர் வாய்விட்டுச் சொன்ன முதல் வார்த்தை அது. பிறகு கேட்டதெல்லாம் அழுகை. டிஷ்யூ பெட்டியை யாரும் தள்ளவில்லை.

என் கன்னமெல்லாம் நனைந்திருந்தது. வலேசி முழங்கையால் என்னை இடித்தாள். இடித்த கையை எடுக்கவே இல்லை.

"நிறுத்துங்க," என்றார் ஹெதர். "அந்த இடத்தை மறுபடி போடுங்க." போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "இன்னொரு தடவை." இந்த முறை கண்ணைத் திறந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"மூணு மௌனம். காதுல மூணும் ஒண்ணாத்தான் இருக்கு," என்றார். "மூணாவது தடவை அவர் ஆமான்னு சொல்லல. அதான் பதில், இல்லையா? நான் கேட்ட அந்த ரெண்டாவது பதிவு... அதுலயும் இப்படித்தான் பேசிட்டிருந்தாரா?"

வலேசி பதிலாகப் புருவத்தைத் தூக்கினாள். தூக்கியது அவளுக்குத் தெரியாது என்று அடித்துச் சொல்வேன். ஆனால் ஹெதருக்கு அது இப்போது காதில் விழுந்தது. மெல்லச் சிரித்தார்.

"சார்ஜன்ட், நான் உங்களைத் தப்பா எடை போட்டுட்டேன். மன்னிக்கணும். நீங்க தொடர்ந்து படிங்க." பிறகு, வாத்தியார் வாத்தியார்தானே, "ஆனா ஒண்ணு. போன்ல பேசறவங்க வந்தா? கண் தெரியாதவங்க வந்தா?" என்றார்.

"அது அடுத்த பாடம்," என்றாள் வலேசி. "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அந்த வகுப்பை அவர் பெண்டாட்டி நடத்திட்டிருக்காங்க. இன்னும் பாஸ் ஆகல."

திரை அணைந்தது. நான் போட்ட கூச்சலுக்குத் தையல் கடையிலிருந்து ஒரு பெண் மேலே ஏறி வந்து, யாருக்குக் கல்யாணம் என்று கேட்டாள். சார்ஜன்ட் மட்டும் எழுந்திருக்கவில்லை. அவர் கண் அலமாரி மேல் இருந்தது. வேர்க்கட்டு அங்கேயே கிடந்தது.

ஹெதர் சொன்னால் போதுமா? வைத்த கட்டு வைத்ததுதான். விடைபெற வந்தவர் விடை கேட்டாயிற்று. பிரிஸ்பேனில் யார் என்ன சொன்னாலும் இந்த மனிதர் தன் ஊர் முறையை மீறமாட்டார்.

"தௌ," என்றார் சார்ஜன்ட், "நான் அதை உன் முன்னால வச்சிட்டேன்."

"என் முன்னால எங்க வச்ச? நான்தான் சந்தையில இருந்தேனே. என் மேசை முன்னால வச்சே. மேசை என்ன உனக்குத் தௌவூ முறையா?" ஸ்டூல் போட்டு ஏறி, இப்போதும் தாளால் பிடித்து அதை இறக்கி அவர் மடியில் போட்டாள். "நான் தொடல. கை தட்டல. இது இன்னும் உன் வேர்தான். ஆனா வேர் நல்ல வேரா இருக்கு, வீணாக்க வேணாம். எடுத்துட்டு வந்தவனே இடி."

அவர் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தப் பெரிய தோள்கள் குலுங்கத் தொடங்கின. சிரிக்கிறார் என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அவரே இடித்தார், அவரே கரைத்தார். கீழேயிருந்து தையல் கடைக்காரர்களும் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். வலேசி எல்லோரிடமும் தன் காதின் மானம் போன கதையைத் தானே சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். மறைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. இருக்கிறதிலேயே நாறிய பதிவைக் கொண்டா என்று மற்றவர்களிடம் கேட்கிறவள் தன்னுடையதையும் போட்டுக் காட்டத்தானே வேண்டும்.

எல்லோரும் போனபின் நாங்கள் மூன்று பேர்தான் மிஞ்சினோம். வலேசி மூலைத் தொட்டியில் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள், முதுகை எங்களுக்குக் காட்டியபடி. சார்ஜன்ட் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"தௌ," என்றாள் திரும்பாமலே, "திங்கக்கிழமை வருவியா?"

சத்தம் இல்லை.

வழக்கமாக இந்த இடத்தில் ஒரு வசவு வந்து விழும். நானும் அதற்காகக் காத்திருந்தேன். வலேசி குழாயை மூடினாள். ஈரக்கையோடு முழுசாகத் திரும்பி, அவர் முகத்தைப் பார்த்தாள்.

"சரி," என்றாள். மறுபடி திரும்பிக் குழாயைத் திறந்தாள்.